விமானத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள்

மேகமலைக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். சின்னமனூரில் பேருந்து ஏறுமுன் ஒரு சிப்ஸ் பொட்டலம் வாங்குங்கள். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேரும்போது, பொட்டலம் பலூனைப் போல உப்பியிருக்கும். உங்கள் காதும் அடைத்துக்கொண்டிருக்கும்.

பொட்டலத்துக்குள் யாரும் புதிதாகக் காற்று அடைக்கவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. இந்த ஏற்றத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று, அந்த அளவுக்கு உறையை வெளிநோக்கித் தள்ளுகிறது.

பயணிகள் விமானமும் இப்படி ஒரு பொட்டலம்தான். 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியே. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நாம் வசதியாக உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே விமானத்தினுள் அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். அப்போது விமானத்தின் மெல்லிய உலோகத் தோலில் ஒவ்வொரு சதுர மீட்டரையும், சுமார் 4 டன் எடைக்குச் சமமான விசை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். தரை இறங்கியதும் அந்த விசை நீங்கிவிடும். அடுத்த பயணத்தில் மறுபடியும் உப்பும், மறுபடியும் தளரும்.

உலோகமும் களைப்படையும்

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவையில் உடையாது. பத்தாவது, இருபதாவது தடவையில் பட்டென்று முறியும். உங்கள் பலம் கூடவில்லை, கம்பிதான் களைத்துவிட்டது. இதை 'உலோகக் களைப்பு' என்கிறோம். வளையும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது.

விமானத்துக்கு இது நேர்ந்தால்? 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அது நேர்ந்தது. அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று, 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அதன் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் காற்றில் வீசப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் அரும்பாடுபட்டு விமானத்தை மௌயித் தீவில் இறக்கி, மற்றவர்களைக் காப்பாற்றினார்கள்.

அந்த விமானம் தீவுக்குத் தீவு தாவும் குறும்பயணங்களையே செய்துவந்தது. 19 வயதில் அது 89,680 முறை எழும்பி இறங்கியிருந்தது! கடற்காற்றின் உப்பும் அதன் தகடுகளின் இணைப்புகளை அரித்திருந்தது. அன்று ஏறும்போதே பயணி ஒருவர் கதவருகில் ஒரு விரிசலைப் பார்த்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பராமரிப்பு ஊழியர்களின் கண்களிலும் முன்னதாக அது சிக்கவில்லை. இரவு நேரத்தில், சாரத்தின்மேல் நின்று, விளக்கொளியில் ஆயிரக்கணக்கான ஆணித்தலைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கும் வேலை எவ்வளவு சலிப்பானது என்பதை விசாரணைக் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள்.

டவுன் பஸ்ஸும் எக்ஸ்பிரஸ்ஸும்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறி இறங்கும் பேருந்தையும், நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓடும் பேருந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தூரம் ஓடியிருந்தாலும், எதற்கு பிரேக்கும் கிளட்சும் சீக்கிரம் தேயும்? மலைப் பேருந்துக்குத்தான் அல்லவா? பட்டறை மெக்கானிக்கைக் கேட்டால் உடனே சொல்வார்.

விமானங்களிலும் இதே கதைதான். பெருநகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகும் பெரிய விமானம், ஒரு நாளில் ஓரிரு முறைதான் எழும்பி இறங்கும். சிறிய ஊர்களை இணைக்கும் வட்டார விமானமோ ஒரு நாளில் ஏழெட்டு முறை எழும்பி இறங்கும். சக்கரம், பிரேக், தோல், எஞ்சின் எல்லாவற்றுக்கும் அத்தனை முறை சோதனை. ஆகவேதான் விமானத்தின் வயதை ஆண்டுகளில் மட்டும் கணக்கிடுவதில்லை. பறந்த மணிகளையும், எழும்பி இறங்கிய தடவைகளையும் சேர்த்தே குறித்து வைக்கிறார்கள்.

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விமானம் ஏற வேண்டியவர்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகிறார்கள். மதுரை, தூத்துக்குடி போன்ற நிலையங்களுக்கு ஏ.டி.ஆர். 72 என்ற விமானம் வந்து போவதைப் பார்க்கலாம். பிரெஞ்சு, இத்தாலிய நிறுவனங்கள் கூட்டாகச் செய்யும் இது, எழுபதுக்கும் சற்றே கூடுதலான பேரை ஏற்றும் வட்டார விமானம். நம் நாட்டில் சிறிய ஊர்களுக்காகவே 'வாயுதூத்' என்ற நிறுவனம் 1981-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அது இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. 2016-இல் அறிவிக்கப்பட்ட 'உடான்' திட்டமும் அதே நோக்கம் கொண்டதுதான்.

ஏ.டி.ஆர். விமானத்தின் எஞ்சினைப் புரிந்துகொள்ள ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பல காற்றாலைகளில் இறக்கை மெதுவாகச் சுற்றும். பல்சக்கரப் பெட்டி ஒன்று அந்த வேகத்தைப் பலமடங்கு பெருக்கி மின்னாக்கிக்குக் கொடுக்கும். விமானத்தில் இது தலைகீழாக நடக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்றுச் சுற்றுகிறது. பல்சக்கரப் பெட்டி அதைக் குறைத்து, வெளியே உள்ள ஆறு இதழ் விசிறியை நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று சுழலச் செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு பல் தேய்ந்தாலும் ஆபத்து.

இரவு நேர ஆஸ்பத்திரி

பகல் முழுவதும் பறக்கும் விமானத்துக்கு எப்போது வைத்தியம் பார்ப்பது? ஊர் உறங்கும் நேரத்தில்தான். கடைசிப் பயணம் முடிந்து விமானம் வந்து நின்றதும், பராமரிப்பு ஊழியர்களின் வேலை தொடங்கும். விடிந்தால் முதல் பயணத்துக்கு அது தயாராக இருக்க வேண்டும்.

வைத்தியர் என்று சொன்னது வெறும் உவமைக்காக அல்ல. முறைகளும் ஒத்திருப்பதைப் பாருங்கள்.

இரத்தப் பரிசோதனை: எஞ்சின் எண்ணெய் ஓடும் வழியில் ஒரு சிறு காந்தம் இருக்கும். எண்ணெயில் இரும்புத்துகள் ஒட்டியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ தேய்கிறது என்று பொருள்.

உள்நோக்குக் குழாய்: வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது போல, எஞ்சினைப் பிரிக்காமலே மெல்லிய குழாய்க் கருவியை நுழைத்து, சுழலியின் இதழ்களில் வெடிப்போ கருகலோ உண்டா என்று பார்ப்பார்கள்.

சாயச் சோதனை: பழைய பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்தால், முன்பு கண்ணில் படாத மயிரிழை விரிசல் பழுப்புக் கோடாகத் தெரியும். அதே தத்துவம்தான். பாகத்தின்மேல் சாயத்தைத் தடவித் துடைத்தபின் ஒரு வெள்ளைப் பூச்சைத் தெளிப்பார்கள். விரிசலுக்குள் தங்கிய சாயம் மேலே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சுழல் சோதனை: ஒரு சுருளில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, உலோகத்தின்மேல் நகர்த்துவார்கள். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். விரிசல் குறுக்கிட்டால் ஓட்டம் மாறும். கருவியில் அது தெரியும்.

கருவிகளை வைப்பதிலும் ஒரு முறை உண்டு. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் அதனதன் நிழல் வடிவம் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் ஒரு நிழல் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் கிடக்கலாம் என்று பொருள். அது கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது.

இவ்வளவும் செய்தபின், எந்த வேலை எப்போது யாரால் செய்யப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளர் ஒப்பமிடாமல் விமானம் பறக்கக் கூடாது. அந்த எழுத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? பின்வரும் நிகழ்ச்சியைப் படியுங்கள்.

காணாமற்போன 47 திருகாணிகள்

1991 செப்டம்பர் 10 இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் என்ற வட்டார நிறுவனத்தின் பிரேசிலியா ரக விமானம் பராமரிப்புக்கு வந்தது. வால் உச்சியில் உள்ள கிடை இறக்கையின் முன்விளிம்பில், பனிக்கட்டி படியாமல் காக்கும் ரப்பர் உறை இருக்கும். இடது, வலது இரண்டு பக்கமும் அதை மாற்ற வேண்டும்.

மாலை முறையில் வந்தவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். சரிபார்க்க வேண்டிய ஆய்வாளர் ஒருவர், உதவி செய்யும் நல்லெண்ணத்துடன் மேலே ஏறி, இரண்டு பக்கத்திலும் மேல்வரிசைத் திருகாணிகளைக் கழற்றினார். அதற்குள் முறை மாறும் நேரம் வந்துவிட்டது. இரவு முறையினர் வந்தார்கள். நேரம் போதவில்லை, வலப்பக்க வேலையை மட்டும் முடித்தார்கள். இடப்பக்க உறையை வேறொரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இடப்பக்க மேல்வரிசையில் 47 திருகாணிகள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. இது வேலைச் சீட்டில் எழுதப்படவில்லை. இரவு ஆட்களுக்குத் தெரியவும் இல்லை.

வால் இறக்கை உச்சியில் இருப்பதால், தரையில் நின்று பார்க்கும் விமானிக்கு அதன் மேற்புறம் தெரியாது. மறுநாள் காலை விமானம் புறப்பட்டது. முதல் பயணம் ஒன்றும் நேராமல் முடிந்தது. திரும்பி வரும் வழியில், ஈகிள் லேக் என்ற ஊருக்கு அருகே கீழிறங்கும்போது, இடது முன்விளிம்பு காற்றில் பிய்ந்தது. விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்து சிதறியது. அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். திருகாணி கிடைக்காமல் போகவில்லை. கருவி பழுதாகவில்லை. ஆட்களுக்குத் திறமை இல்லாமலும் இல்லை. ஒரு முறையிலிருந்து அடுத்த முறைக்குச் செய்தி கைமாறவில்லை, அவ்வளவுதான். 'இடப்பக்கம் மேல்வரிசை கழற்றியாயிற்று. இன்னும் பூட்டவில்லை' என்ற ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் 14 உயிர்கள் தப்பியிருக்கும்.

கற்றுக்கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே என்றால்?

2003 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் என்ற மற்றொரு வட்டார நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் விமானம், எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள்.

இரண்டு இரவுகளுக்கு முன் அதன் வாலில் ஒரு வேலை நடந்திருந்தது. விமானத்தின் மூக்கை மேலே தூக்கவும் கீழே தாழ்த்தவும் உதவும் 'எலிவேட்டர்' தகட்டை இழுக்கும் கம்பி வடங்களின் இறுக்கத்தைச் சரிசெய்யும் வேலை. அதைச் செய்தவர் அந்த ரக விமானத்தில் அந்த வேலையை அதற்குமுன் செய்ததில்லை, செய்துகொண்டே கற்றுக்கொண்டிருந்தார். கையேட்டில் உள்ள சில படிகள் தேவையில்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் விட்டுவிட்டார். முடிந்த வேலையைச் சரிபார்த்ததும் அவரேதான்! தகடு கீழ்நோக்கி முழுதாக அசையாதபடி வடங்கள் தவறாகப் பூட்டப்பட்டன. தகடு முழுதாக அசைகிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டிய சோதனையும் நடக்கவில்லை.

அதன்பின் விமானம் பலமுறை நல்லபடியாகவே பறந்தது. ஏனென்றால் சுமை குறைவாக இருந்தது. ஜனவரி 8 அன்று விமானம் நிறைந்திருந்தது. பின்பாரமும் கூடியிருந்தது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டபோது அதைத் தாழ்த்தப் போதிய அசைவு தகட்டுக்கு இல்லை. பயணிகளின் எடையைப் பழைய சராசரிக் கணக்கில் குறைவாக மதிப்பிட்டதும் விசாரணையில் தெரியவந்தது. அந்தச் சராசரிகள் பிறகு உயர்த்தப்பட்டன.

இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே வேலை செய்த மெக்கானிக்குகள் விமான நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் அல்லர். நிறுவனம் ஒருவரிடம் ஒப்பந்தம் செய்ய, அவர் இன்னொருவரிடம் ஒப்பந்தம் செய்து அமர்த்திய ஆட்கள். பல கை மாறிய வேலையில், யார் யாருக்குப் பயிற்சி கொடுப்பது, யார் மேற்பார்ப்பது என்பது தளர்ந்துபோயிருந்தது.

இரண்டாவது கண்

ஹூஸ்டனையும் சார்லட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பொதுக் குறை தெரிகிறதா? முதலாவதில் ஆய்வாளரே வேலையில் இறங்கினார். இரண்டாவதில் ஆசிரியரே ஆய்வாளரானார். செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்பது விமானப் பராமரிப்பின் அடிப்படை விதி. மனிதர் தவறு செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைப் பிடிக்க வைத்த வலை அது. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் கிழிவது அந்த வலைதான். அதனால் போதிய ஆட்கள் என்பது நிறுவனத்தின் செலவுக் கணக்கு மட்டுமன்று. திருகாணி எப்படி விமானத்தின் ஒரு பாகமோ, சரிபார்க்கும் இரண்டாவது ஆளும் அப்படி ஒரு பாகம்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தக் கண் தேவை. 2005 ஆகஸ்ட் 6 அன்று டூனிசியா நாட்டு ஏ.டி.ஆர். 72 ஒன்று, எரிபொருள் தீர்ந்து இத்தாலிக்கு அருகே கடலில் இறங்க நேர்ந்து, 39 பேரில் 16 பேர் இறந்தனர். காரணம், முதல் நாள் மாற்றப்பட்ட எரிபொருள் அளவுமானி. அது அதன் தம்பியான ஏ.டி.ஆர். 42-க்கு உரியது. தோற்றமும் ஒன்று, பொருத்தும் இடமும் ஒன்று. ஆனால் தொட்டிகள் வேறு. ஆகவே இல்லாத எரிபொருளை அது இருப்பதாகக் காட்டியது.

கனடாவில் கோர்டன் டூபான்ட் என்பவர், பராமரிப்பில் தவறு நிகழ வைக்கும் 12 காரணங்களை 1993-இல் பட்டியலிட்டார். களைப்பு, அவசரம், கவனச் சிதறல், ஆள் மற்றும் பொருள் பற்றாக்குறை, செய்தி கைமாறாமை, 'வேண்டாம்' என்று சொல்லத் துணியாமை ஆகியவை அவற்றுள் சில. இன்று உலகெங்கும் பட்டறைச் சுவர்களில் அந்தப் பட்டியலைக் காணலாம்.

நீங்களும் இந்த வைத்தியர் ஆகலாம்

நம் நாட்டில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் சேரலாம். பி1 என்ற பிரிவு எஞ்சினையும் உடலையும் சார்ந்தது. பி2 பிரிவு மின்னணுக் கருவிகளைச் சார்ந்தது. விமானப் பொறியியல் பட்டம் வேறு, இந்த உரிமம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். பட்டம் பெற்றவரும் உரிமம் இல்லாமல் ஒப்பமிட முடியாது.

உரிமத்துக்கான பாடங்களுள் ஒன்பதாவது பாடம் எஞ்சினைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. தூக்கம், களைப்பு, நினைவாற்றல், பேச்சு, எழுத்து ஆகியவற்றை அது பேசுகிறது. அதன்பிறகு விமானங்களில் நேரடி அனுபவம் பெற வேண்டும். ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப்பயிற்சி வேண்டும். ஏர்பஸ் தெரிந்தவர், ஏ.டி.ஆருக்குரிய தகுதி பெறாமல் அதற்கு ஒப்பமிட முடியாது. இப்படி ஒரு முழுப் பொறியாளர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. விமானத்தை விலைக்கு வாங்கிவிடலாம். அனுபவமுள்ள ஆளை அப்படி உடனே வாங்கிவிட முடியாது.

செய்து பாருங்கள்

தேவையானவை: பழைய சைக்கிள் பெல் அல்லது டார்ச் விளக்கு ஒன்று, திருப்புளி, காகிதம், பென்சில், நான்கு நண்பர்கள்.

முதல் இருவர் அதைக் கழற்றத் தொடங்கட்டும். ஐந்து நிமிடம் ஆனதும், வேலை எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். எது கழற்றப்பட்டது, எது மீதி, திருகாணிகள் எத்தனை, எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று எழுதிவிட்டு அவர்கள் வெளியே போகட்டும். அடுத்த இருவர் அந்தக் காகிதத்தை மட்டும் படித்து, ஒரு வார்த்தையும் பேசாமல், வேலையை முடித்துப் பூட்டட்டும். பிறகு இதையே குறிப்பு எழுதாமல் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு தடவையும் கடைசியில் எத்தனை திருகாணிகள் மிஞ்சின என்று எண்ணி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.